அலையாண்டாம் என்றேன்

போன தேர்தலுக்கு முந்தைய பங்குனி மாதம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கெல்லாம் ‘டீச்சர்’. தேர்தல் வந்துவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற இன்னொரு வேலையும் என் தலையில் வந்து விழும். காலையில் பிள்ளைகள், சத்துமாவு, எடை பார்ப்பது. மதியத்துக்கு மேல் கையில் ஒரு கட்டுப் படிவத்தோடு தெருத்தெருவாக நடை. அருவியே வறண்டு வெறும் பாறையாகக் கிடந்த வெயில் அது. மனுஷி என்ன ஆவாள்?

அந்த வாரம் கொடுத்த வேலை, எண்பத்தைந்து வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடுவதற்கான விருப்பப் படிவம். விருப்பம் இருந்தால் மட்டும்தான் வாங்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் மணிக்கொரு தரம் ‘எத்தனை முடிந்தது?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விருப்பத்தைக் கேட்க யாருக்கு நேரம் இருந்தது?

என் பட்டியலில் ஒரு தையல்கடைக்காரப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் நடக்காது. பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே வந்து மெயின் ரோட்டில் கடை திறப்பாள். நான் போன நேரம் கடையில் நாலைந்து பேர் ஜாக்கெட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, இங்கன ஒரு கையெழுத்துப் போடு. ஐடி கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடு.”

“எதுக்கு டீச்சர்?”

“கவர்மெண்டு ஃபாரந்தான். ஆபீசர்மாரு வீட்டுக்கே வருவாவ. நீ அலையாண்டாம்.”

“அப்பாடா! நல்ல காலம் டீச்சர், அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு போயிட்டேன்” என்றவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். நகலும் தயாராக வைத்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பாவம், நடக்க முடியாத பிள்ளைக்கு ஓர் அலைச்சலை மிச்சப்படுத்தினோமே என்று.

‘ஓட்டு’ என்ற வார்த்தையை அன்று நான் சொல்லவே இல்லை. அவளோ, இன்னும் ரெண்டு தையல் மிஷின் வாங்க அரசு மானியத்தோடு தொழில் கடன் கேட்டு மாதக்கணக்கில் மாவட்டத் தொழில் மையத்துக்கும் பேங்குக்கும் அலைந்துகொண்டிருந்தாள். கடையைப் பார்வையிட அதிகாரிகள் வருவார்கள் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கொண்டுபோனதும் அந்தப் படிவம்தான் என்று நினைத்துவிட்டாள்.

வாக்குப் பெட்டியோடு தேர்தல் குழு முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது அவள் பேங்கில் இருந்தாள். அண்ணனும் மதினியும் சுரண்டைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. குழு வரும் நாளைச் சொல்லி அவள் போனுக்கு மெசேஜும் போயிருக்கிறது. இங்கிலீஷில் இருந்ததால் ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டாளாம். இரண்டாவது தடவைதான் கடைசி. நானே போன் பண்ணி, “நாளைக்கு ஆபீசர்மாரு வருதாவ, எங்கயும் போயிராத” என்றேன். அவளும் எங்கேயும் போகவில்லை. கடையைக் கூட்டித் துடைத்து, மிஷினுக்கு எண்ணெய் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே காத்திருந்தாள். அங்கே பூட்டின வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு குழு திரும்பிவிட்டது.

எனக்குச் சாயங்காலம் தகவல் வந்தது. நியாயமாக உடனே அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அன்று முழுக்க ஓட்டர் சிலிப் கொடுத்து நடந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தது. ‘சொல்லியும் வீட்டில் இல்லையென்றால் நான் என்ன பண்ண?’ என்று எரிச்சலோடு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலில் உதவி மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். “எனக்கு மட்டும் சிலிப் வரல டீச்சர். பரவால்ல, ஓட்டு அட்ட இருக்கு” என்று சிரித்துவிட்டு, அங்கே வைத்திருந்த சக்கர நாற்காலியில் ஏறி, யாரையும் தள்ள விடாமல், புதிதாகக் கட்டிய சாய்தளத்தில் தானே உருட்டிக்கொண்டு மேலே போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தபால் வாக்குப் பட்டியலில் பேர் ஏறிவிட்டால், போட்டாலும் போடாவிட்டாலும், சாவடியில் ஓட்டுக் கிடையாது.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது, திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் தபால்ல போடுதேன்னு எழுதிக் குடுத்திருக்கேனாம். எப்ப டீச்சர் குடுத்தேன்?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் காதில் விழுகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“போன எலெக்சன்ல என்னைய நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போனாவ. எனக்கு உசுரே போச்சு. அதுக்காவத்தான் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து, மனு மேல மனு குடுத்து, இந்தச் சாய்தளத்தக் கட்ட வச்சேன்.” நாற்காலியை என் மேசைக்கு நேரே திருப்பினாள். “ஓட்டுப் போட அலைய முடியலன்னு நான் உங்ககிட்டச் சொன்னேனா டீச்சர்?”

உள்ளே இருந்த அதிகாரியிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அவரும் பாவம், விதியைக் காட்டினார். அவள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும் எத்தனையோ பேர் அந்தச் சாய்தளத்தில் ஏறிப் போனார்கள். முட்டுவலிக்காரர்கள், கைப்பிள்ளைக்காரிகள், கம்பு ஊன்றியவர்கள். அதைக் கட்ட வைத்தவள் ஒருத்திதான் ஓட்டுப் போடாமல் இறங்கினாள். அவமானத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் கழித்துத்தான் அவள் கடைக்குப் போகத் தைரியம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “நீங்க லேசுப்பட்ட ஆளா டீச்சர்? ஒரே கையெழுத்துல என்னைய எம்பத்தஞ்சு வயசுக் கெழவி ஆக்கிட்டீங்களே!” சிரிக்கத்தான் செய்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. கடன் பிறகு கிடைத்தது, மிஷினும் வந்தது. அந்த ஓட்டு வரவே இல்லை.

இன்றைக்கும் அதே வேலைதான், அதே வெயில்தான், வாட்ஸ்அப்பில் அதே கேள்விதான். கால் கெஞ்சும்போது, அவசரமாக ஒரு கையெழுத்து வாங்கிவிடலாமா என்று இப்போதும் மனசு தூண்டும். உடனே, ஏறின சாய்தளத்திலேயே ஓட்டுப் போடாமல் இறங்கி வந்த அந்த நாற்காலி கண்முன் வந்து நிற்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் கேட்கிறேன்: “உனக்கு எப்படி வேணும்?”