பெட்டி கிளம்பிய நேரம்

மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து என் கணவர் அந்தக் காரை வாங்கினார். எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. பேட்டரி சோர்ந்திருந்தது, அணைத்தால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ரேடியேட்டர் விசிறி நினைத்தால் சுற்றும். "ஓடினால் ஒன்றும் ஆகாது, நின்றால்தான் சூடாகும்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும்.

மெட்ராஸில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். "ஒன்னைப் பாக்கணும்கறார், ஒடனே வா" என்று அண்ணா போன் செய்தான். மறுநாள் இரண்டரைக்கு ஹவுராவில் ரயில். புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம். பெண்ணுக்குப் பரீட்சை, பள்ளி விட்டு வரப் பன்னிரண்டரை ஆகும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டால், நாமே கிளம்பியதுபோல.

பதினொன்றே முக்காலுக்குப் பெட்டியைக் காரில் ஏற்றித் தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன்.

"பெட்டிதானே போணும்? வண்டிய அணைச்சுடறேன்" என்றார் கணவர்.

"வேண்டாம்னா. அப்பறம் கெளம்பலேன்னா? ஓடிண்டே இருக்கட்டும்."

"ஒரு மணி நேரமா? இந்த வெயில்லயா?"

"அப்பாவப் பாக்கப் போறச்சே வண்டியத் தள்ளிண்டா போறது?"

அவர் காரிலேயே உட்கார்ந்து வியர்த்தார். நான் அண்ணாவுக்குப் போன் செய்து, கிளம்பியாச்சு என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

பெண்ணை அழைத்துக்கொண்டு ஏறியபோதே சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டிருந்தது. ஹவுரா பாலத்துக்கு முன்னால் நெரிசலிலேயே மணி இரண்டே கால். பானெட் இடுக்கெல்லாம் ஆவி. இன்ஜின் நின்றுவிட்டது. பக்கத்து டாக்ஸிக்காரர் தலையை நீட்டி, "என்ன அண்ணே, சோறு வெந்துடுச்சா?" என்று வங்க மொழியில் கேட்டார். பெண் சிரித்தாள். அவளை அடித்துவிட்டேன்.

காரை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பெட்டியோடு ஓடினார். நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பிளாட்பாரம் காலியாக இருந்தது.

ஸ்டேஷன் பூத்திலிருந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். "சரி, நாளைக்கு வா. அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லே" என்றான்.

அணைத்திருக்கலாம். தள்ளிவிடத் தெருவில் நாலு பேர் இல்லாமலா போயிருப்பார்கள்? டாக்ஸி வைத்திருக்கலாம். ஒன்றாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெண்ணை அனுப்பாமலே இருந்திருக்கலாம். இன்றுவரை ஒவ்வொன்றாக மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் காலை முழுக்க அப்பா, "எங்க வந்துண்டிருக்கா?" என்று கேட்டாராம். அண்ணா ராஜமுந்திரி என்றானாம். பதினொரு மணிக்கு, "விஜயவாடா தாண்டியாச்சுப்பா" என்றானாம். அப்பா தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடினாராம். அதன்பின் திறக்கவில்லை.

அந்தப் பதினொரு மணிக்கு நான் கல்கத்தாவில், வீட்டு வாசலில், அதே பெட்டியோடு டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தேன்.