அவளுக்கு வெயில், எனக்குக் குசினி

எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் பழுதாகி, அதற்குரிய சாமான் எங்கிருந்தோ வரவேண்டும் என்று கட்டிடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் கதவில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாமான் வரவில்லை. இந்தக் கட்டிடத்தில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் காலம் சொல்வார்கள். இன்னாருடைய மகளின் கலியாணம் லிஃப்டுக்கு முந்தி, இன்னார் வீடு மாறினது லிஃப்டுக்குப் பிந்தி. அந்தக் கணக்கில் பார்த்தால், நான் வேலையை விட்டு பென்சன் எடுத்தது லிஃப்ட் நின்ற அதே மாதம்.

வேலை என்றால் சமையல் வேலை. ஜேர்மனியில், இந்த எசன் நகரத்தில் ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடை. கோப்பை கழுவப் போய், பிறகு சலாட் வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. கத்தியும் பலகையும்தான் எனக்குத் தெரிந்த எழுத்து. முதலாளி மாறினார், மேசை கதிரை மாறியது, கடையின் பெயர்கூட மாறியது. குசினியில் நான் நின்ற இடம் மட்டும் மாறவில்லை. ஜன்னல் பக்கம் நின்றால் வெளியே பஸ் வருவது தெரியும். எந்த பஸ்ஸில் எந்தக் கிழவர் வந்து இறங்குவார், என்ன கேட்பார் என்று பார்த்து, அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுவேன்.

அப்படி நின்ற மனிதனை வீட்டில் இரு என்றால் எப்படி இருப்பது? முதல் கிழமையே வீட்டிலிருந்த வெங்காயம் முழுவதையும் உரித்து வெட்டி வைத்துவிட்டேன். மனைவி வந்து சட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, ஆருக்கு இவ்வளவு வெங்காயம்? ஆற்றையும் செத்தவீடோ?”

“இருக்கட்டும், உதவும்.”

“உதவும்தான். வாற வருசம் வரைக்கும் உதவும்.”

அவள் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே முழங்காலைப் பிடித்தபடிதான் கதிரையில் இருந்தாள். எங்கள் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் அவள் கீழே இறங்கியது குறைவு. கடைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. சுவரோடு இருக்கிற சூட்டுக்குழாயில், அதுதான் ஹைசுங் என்கிறோமே, அதில் கால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தபடி இருப்பாள். டொக்டர் அவள் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் வெயில் உள்ள இடத்துக்குப் போய் இருந்தால் இந்தக் கால் இன்னும் கொஞ்சக் காலம் நடக்கும் என்றார். எங்களுக்கு அன்றிலிருந்து அந்த ஒரு கதைதான். எங்கே போவது?

குளிர் விட்டு அவள் கீழே இறங்கத் தொடங்கின பிறகு, ஒரு நாள் கோயிலில் பூசை முடிந்து சாப்பிட இருக்கிறபோது நான் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஆளுக்கொரு நாட்டைத் தூக்கி என் இலையில் வைத்தார்கள்.

“அண்ணை, யோசிக்காமல் ஸ்பெயினுக்குப் போங்கோ. பிளேனிலை பெல்ற்றைக் கட்டி, கழட்டுறதுக்குள்ளை இறங்கிடலாம்.”

“ஸ்பெயினிலை ஆர் இருக்கினம்? அண்ணை, திருச்சிக்குப் போங்கோ. கோயிலும் இருக்கு, ஆஸ்பத்திரியும் இருக்கு.”

“திருச்சி வெயில் உனக்குத் தெரியுமோ? அக்காவுக்கு மூட்டுவலி மாறப் போகுதோ, அக்கா வடகம் ஆகப் போறாவோ?”

“ஏன் சுத்துறியள்? அக்காவின்ரை தமக்கை யாழ்ப்பாணத்திலை வீட்டை வைச்சுக்கொண்டு தனிய இருக்கிறா. அங்கை போக என்ன?”

இதைச் சொன்னவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவர். மனைவி பெண்கள் வரிசையில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். அவளுடைய விருப்பம் எனக்குத் தெரியும். மூத்த தமக்கை, கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். போனால் இரண்டு பேரும் பகல் முழுக்கக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மனைவியின் தமக்கை வீட்டில் மூன்று மாதம் நான் என்ன செய்வது? அங்கே நான் மாப்பிள்ளை. கிழட்டு மாப்பிள்ளை என்றாலும் மாப்பிள்ளைதான். அதனால் ஸ்பெயின் என்று சொன்னேன். அவளும் சரி என்றாள்.

அடுத்த குளிர்காலம் ஸ்பெயினில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு எடுத்தோம். படத்தில் பல்கனி முழுக்க வெயில். பொய்யில்லை, வெயில் இருந்தது. பெட்டி நிறைய அரிசி, தூள், பருப்பு, அப்பளம். அதோடு மனைவி வீட்டுச் சாமிப் படத்தையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஹோலும் குசினியும் ஒன்றாக இருந்த அந்த வீட்டில் கிழக்குச் சுவர் ஹோலில்தான் இருந்தது. போன அன்றே படத்தை அங்கே வைத்து விளக்கேற்றினாள். அத்தோடு ஹோல் சாமியறையாகிவிட்டது. சாமியறைக்குள் செருப்புப் போட முடியாது.

நிலம் முழுக்கப் பளிங்குபோல ஓடு பதித்திருந்தார்கள். கோடைக்குக் கட்டிய வீடுகள். ஹைசுங் என்று ஒன்று கிடையாது. வெளியே ஜேர்மன்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார்கள். உள்ளே வந்தால் நிலம் கடையில் இறைச்சி வைக்கிற குளிரறைபோல இருக்கிறது. எங்கள் ஆட்கள் வெளியூரில் வீடு பார்க்கும்போது கோயில் கிட்டவா, கறிவேப்பிலை கிடைக்குமா, அடுப்பு காஸா கரண்டா என்று எல்லாம் கேட்பார்கள். நானும் கேட்டேன். வெறுங்காலோடு நடக்கப் போகிறோமே, நிலம் எப்படி என்று கேட்கவில்லை.

“செருப்பைப் போடும்” என்றேன்.

“சாமிக்கு முன்னாலையோ?”

“அப்ப சொக்ஸைப் போடும்.”

“சொக்ஸ் வழுக்குது. விழுந்து இடுப்பையும் உடைக்கச் சொல்லுறியளோ?”

“சரி, படத்தை அறைக்குள்ளை வைப்பம்.”

“படுக்கிற அறைக்குள்ளையோ? உங்களுக்கென்ன விசரோ?”

கடைசியில் நான் கடைகளில் போய்த் தோடம்பழம் வந்த மட்டைப் பெட்டிகளை வாங்கிவந்து, பிரித்து, கட்டிலிலிருந்து அடுப்பு வரைக்கும் விரித்தேன். ஒரு மட்டைப் பாதை. அதில்தான் அவள் நடப்பாள். பக்கத்து வீட்டு ஜேர்மன் தம்பதி ஒரு நாள் தேத்தண்ணிக்கு வந்தார்கள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, பாவம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக அந்த மட்டையில் நடந்து வந்து இருந்தார்கள்.

எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் மீன் சந்தைக்குப் போய்விடுவேன். பாஷை தெரியாது. ஆனால் மீன் வெட்டுகிறவன் கத்தியைப் பிடிக்கிற விதத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கணவாய் கழுவ உதவி செய்தேன். அவன் தோளில் தட்டினான். பத்தாக் குறைக்கு, திரும்பி வந்து நானே சமைப்பேன். கால் ஓய்ந்ததில்லை, கை ஓய்ந்ததில்லை. ஆனால் மனைவி பல்கனியில் வெயில் நகர நகரக் கதிரையை நகர்த்திக்கொண்டு, வெயில் போனதும் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போர்வைக்குள் இருந்தாள். முழங்கால் பணியாரம்போல வீங்கிவிட்டது. எடுத்த காலம் முடிய முந்தியே திரும்பிவிட்டோம். எசனுக்கு வந்தபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் போய்க் காலை ஹைசுங்கில் வைத்தாள்.

அதற்கடுத்த குளிர்காலம் யாழ்ப்பாணம். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அங்கே போய் இரண்டு கிழமையில் மனைவி ஊன்றிக்கொண்டு வந்த தடியை மூலையில் சாத்திவிட்டாள். சீமெந்து நிலம் மத்தியானத்தில் இளஞ்சூடாக இருக்கும். அதில் காலை நீட்டி இருந்து தமக்கையோடு கதைப்பாள். பின்னேரம் இரண்டு பேருமாகக் கோயிலுக்கு நடப்பார்கள். நாலாம் மாடியில் ஜன்னலோடு இருந்த அதே மனிசியா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

“தம்பி, நீங்கள் இருங்கோ.”

மனைவியின் தமக்கையை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இதுதான் அக்கா என்னோடு அதிகம் பேசிய வசனம். நான் எழும்பினால் ஒரு கதிரை வரும். தண்ணீர் எடுக்கப் போனால் தண்ணீர் வரும். வெயில் முற்றத்தில் திரும்பினால் கதிரையை நிழலுக்கு மாற்றித் தருவார்கள். ஸ்பெயினில் மனைவி வெயிலுக்குப் பின்னால் கதிரையோடு போனாள், இங்கே நான் நிழலுக்குப் பின்னால் போனேன்.

நடந்துவிட்டு வருவோம் என்று றோட்டில் இறங்கினாலும் விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும்.

“ஐயா, எங்கை போறியள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்.”

“இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ? இந்த வெயிலுக்கையோ? ஏறுங்கோ ஐயா.”

இரண்டு தடவை ஏறி, போகத் தேவையில்லாத சந்தியில் இறங்கி, அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு விடியற்காலை என்னால் ஏலாமல் போய்விட்டது. எல்லோருக்கும் முந்தி எழும்பிக் குசினிக்குள் போனேன். கத்திரிக்காய், வாழைக்காய், வெங்காயம், பயற்றங்காய் என்று இருந்ததெல்லாம் ஒரே அளவாக வெட்டி அடுக்கினேன். தேங்காய் துருவினேன். ஒரு வெள்ளைக் கறியும் வைத்தேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. அக்கா வந்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு அப்படியே படியில் இருந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“என்ன அக்கா?”

“என்ரை கறி செமிக்கேல்லை எண்டால் சொல்லியிருக்கலாம்தானே தம்பி.”

“ஐயோ அக்கா, உங்கடை கறி திறம். எனக்குச் சும்மா இருக்க ஏலாது, அதுதான்.”

“சனம் என்ன சொல்லும்? ஜேர்மனியிலையிருந்து வந்த மனிசனை அடுப்படியிலை விட்டிருக்கினம் எண்டு கதைக்காதே?”

எனக்குக் கறி செமிக்கவில்லையாம் என்று மத்தியானத்துக்குள் அந்த ஒழுங்கை முழுக்கக் கதை போய்விட்டது. ஒரு வீட்டிலிருந்து எனக்குக் கறியில்லாமல் சாப்பிடவென்று ஒரு இரத்தல் பாண் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து வயிற்றுக்கு நல்லது என்று ஓமத் தண்ணி. அக்கா அன்றிலிருந்து குசினிக் கதவை உள்ளே கொண்டி போட்டுக்கொண்டு சமைத்தார்.

நான் மனைவியிடம் சொன்னேன், நான் முந்திப் போகிறேன், நீர் பங்குனி வரைக்கும் தமக்கையோடு இரும் என்று. அவள் போய்ப் பெட்டியைக் கட்டினாள். இரண்டு பேருடைய உடுப்பும் இருந்தது.

“உம்மை வரச்சொல்லேல்லையே.”

“நீங்கள் அங்கை தனிய வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பியள். ஆர் சாப்பிடுறது?”

திரும்பி வந்து ரயிலால் இறங்கியபோது எசனில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் படியில் அவள் முதல் காலை வைத்தாள், நின்றாள், என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

இப்போது மறுபடியும் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. நேற்று ஹைசுங் முதல் தடவையாக டிக் டிக் என்று சத்தம் போட்டது. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கனேரியத் தீவு என்கிறார் ஒருவர், சைப்பிரஸ் என்கிறார் ஒருவர், நிலம் என்ன மாதிரி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மனைவி நேற்றுச் சொல்லிவிட்டாள்.

“நீங்கள் எங்கையெண்டாலும் சொல்லுங்கோ, நான் வாறன். ஆனால் ஒருத்தரை விட்டு ஒருத்தர் போறேல்லை.”

“உமக்கு நல்லது யாழ்ப்பாணம்தான்.”

“அப்ப அக்காவிட்டைச் சொல்லுங்கோவன், குசினிக்கை விடச் சொல்லி.”

“நான் எப்பிடிச் சொல்லுறது? அவ திரும்ப அழுவா. நீர் சொல்லும்.”

“நான் சொன்னால், புருசனை வேலைக்காரனா வைச்சிருக்கிறாய் எண்டு என்னை ஏசுவா.”

இது எங்கள் வழக்கம். இப்படியான விஷயத்தை இரு பக்கமும் நேரே சொல்வதில்லை. சம்பந்தம் பேசுவதும் சரி, கோபம் தீர்ப்பதும் சரி, மூன்றாவது வாய் ஒன்று வேண்டும். அதனால்தான் இவ்வளவையும் இழுத்து இழுத்துச் சொன்னேன். எசனில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு அக்காவின் வீடும் தெரியும். உங்களில் ஆராவது எங்களுக்கு முந்தி அந்தப் பக்கம் போனால், ஒருக்கால் அவர் வீட்டில் ஏறி இறங்குங்கள். தேத்தண்ணி தருவார், குடியுங்கள். முதலில் அவருடைய கறி திறம் என்று சொல்லுங்கள், அது உண்மை. தங்கச்சி அங்கே தடியில்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, தம்பிக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, கைதான் சும்மா இருக்குதில்லை என்று சொல்லி, காலையில் ஒரு கத்தியும் பலகையும் ஒரு தேங்காயும் கொடுக்கச் சொல்லுங்கள். கொண்டியை நீக்கி வைப்பார் என்றால் எங்களுக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள், நான் டிக்கெட் போடுகிறேன்.