முதலாளியின் காரில் அணையாத விளக்கு

பாலிடெக்னிக்கில் என்னைச் சேர்க்க அம்மா ஒரு நாள் லீவு கேட்டாள். அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பெட்டி அடைக்கும் அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “பொட்டப்புள்ள கரண்டு படிச்சி என்னத்தக் கிழிக்கப் போவுது? இங்கன வந்து பெட்டி அடைக்கச் சொல்லு.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதற்காகவே அவரை நான் மறக்கவில்லை.

படித்து முடித்து, கோவில்பட்டி பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்த எட்டாம் மாதம் அவருடைய கார் வந்தது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. மதுரையில் இரண்டு முறை அணைத்துக் கொடுத்தார்களாம். ஊர் வந்து சேர்வதற்குள் மறுபடி எரிந்ததாம்.

“பல்ப உருவி விட்டுருவோம்மா. அவரு சந்தோசமாப் போயிருவாரு” என்றார் ஃபோர்மேன்.

மோதினாலும் பை விரியாத காரில் அவர் போகட்டும் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் சந்தோஷமாகப் போவதை என்னால் பார்க்க முடியாது. பழுதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அவர் அன்று சொன்னதும் நிஜமாகிவிடும்.

ஸ்கேனரை மாட்டினேன். இடது முன் சீட்டின் பக்கவாட்டுப் பைக்குப் போகும் இணைப்பு அறுந்திருப்பதாகக் காட்டியது. அந்தச் சீட்டில்தான் முதலாளி, டிரைவரை வெளியே நிறுத்திவிட்டு, ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எறங்குங்க அண்ணாச்சி.”

ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். ஃபோர்மேன் இருமினார்.

“நான் இருந்தா ஒனக்கு என்னட்டி?”

“பேட்டரியக் கழட்டப் போறேன். பைக்குள்ள இருக்கது வெடிமருந்து. மருந்தப் பத்தி ஒங்களுக்கா சொல்லணும்?”

இறங்கினார். பேட்டரியைக் கழற்றியபின் மிச்சக் கரண்டு வடிய மூன்று நிமிடம் போதும். நான் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். சித்திரை வெயில். அவர் நிழலில் ஒதுங்கியபோதெல்லாம், “அங்கன நிக்காதீங்க, வண்டி வரும்” என்றேன்.

சீட்டுக்கடியில் ஆறு தீப்பெட்டிப் பண்டல்கள், அவர் ஆபீஸ் லேபிள் ஒட்டியவை.

“சாம்பிள டிக்கியில வச்சா சூட்டுல மருந்து கெட்டுப் போவும். ஏசியில கெடக்கட்டும்னு நாந்தான் சொருகுதேன்” என்றார் முதலாளி.

“அப்ப நீங்களே எடுங்க.”

வெள்ளை வேட்டி தரையில் பட, மண்டியிட்டு எடுத்தார். அவர் காலால் தள்ளத் தள்ள, பண்டல்கள் பைக்குப் போகும் வயரின் மஞ்சள் கனெக்டரை இழுத்து, அதிலுள்ள ஒரு பின்னை வளைத்திருந்தன. வண்டி நின்றால் இணைப்பு ஒட்டும், குலுங்கினால் பிரியும். பின்னை நிமிர்த்தி, கனெக்டரைப் பூட்டி, வயரைச் சட்டத்தோடு கட்டினேன். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பழைய பதிவை அழித்து, மேடு பள்ளமான ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

“யாரு வீட்டுப் புள்ள நீ?” என்றார் முதலாளி.

“ஒங்க ஆபீஸ்ல பெட்டி அடைக்காவ, அவிய மக” என்றேன். அம்மா பெயரையும் சொன்னேன்.

ஜாப் கார்டில் ‘பழுதின் காரணம்’ என்ற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: உரிமையாளர் சீட்டுக்கடியில் பண்டல்களைத் திணித்தது.

“வயரிங் லூஸுன்னு போட்டாப் போதாதா?” என்று ஃபோர்மேன் முணுமுணுத்தார்.

“சத்தமாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி.”

படித்தார். அவருடைய டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு அந்த மொகத்துல நாந்தானட்டி முழிக்கணும்?” என்றாள்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.