கிராம் அக்காவின் கைப்பை

எங்கள் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவளுக்குக் கிராம் அக்கா என்று பெயர் வைத்ததே நான்தான். தட்டின் ஓரத்தில் யார் விரல் பட்டாலும், "கையை எடுங்க சார்" என்பாள். தராசைச் சரிபார்க்கக் கொடுத்த இரண்டு கிலோ இரும்புக்கல்லை நாங்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுகிறோமாம். அதனால் தினமும் கைப்பையில் போட்டு வீட்டுக்கே தூக்கிப் போவாள். அவ்வளவு நம்பிக்கை எங்கள் மேல்!

அக்கா முழுகாமல் இருந்தாள். நடுவில் எடை குறைந்தபோது வாந்தியால்தான் என்றார்கள். ஆறாம் மாதமும் மொத்தமாக ஒன்றரைக் கிலோதான் ஏறியிருந்தது. பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், வீட்டில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். மாமியார், "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று மூன்று பேருக்குப் பரிமாறினார். நாத்தனாரோ, "ரொம்பத் தின்னா பிரசவம் கஷ்டம் அண்ணி" என்று தட்டைப் பிடுங்கினாள். மிச்சமெல்லாம் கணவர் தட்டுக்குப் போயிற்று. உடம்பு நன்றாகத் தேறியது அவருக்குத்தான்.

"உள்ள பிள்ளை வளரலையோன்னு பயமா இருக்குடி" என்றாள் அக்கா. 

புதன்கிழமை ஒருவர் பார்சலோடு தன் குடையையும் தட்டில் வைத்தார். எரிந்து விழ வேண்டியவள் சும்மா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, முதல் தடவை ஆஸ்பத்திரிக்குத் தனியா போனேன். பையை வைக்க இடமில்லை. தோள்ல மாட்டிக்கிட்டே எடை மெஷின்ல ஏறிட்டேன். அப்புறம் போனப்போ எல்லாம் பையை எங்க வீட்டுக்காரர்தானே பிடிச்சுக்கிட்டார்!"

பையைத் தட்டில் வைத்தோம். கல்லும் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக மூன்றரைக் கிலோ. அடுத்தவர் குடையைக்கூட விடாதவள் தன் பையைக் கோட்டைவிட்டிருக்கிறாள்.

மறுநாள் பையைச் சுமந்துகொண்டு நானும் போனேன். கதவுக்கு முட்டுக் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டே! ஸ்கேனில் பிள்ளை ஜம்மென்று இருந்தது. நர்ஸ் பையை எடை போட்டு, முதல் தடவை எழுதியிருந்த எடையில் அதைக் கழித்துவிட்டு, "அஞ்சு கிலோ ஏறியிருக்கே, இந்த மாசத்துக்கு இது சரிதான். எதுக்கும் இன்னொரு தடவை ஏறுங்க" என்றார்.

அக்கா ஏறினாள். ஒரு கிராமுக்கு ஊரோடு சண்டை போடுகிறவள், அந்த மெஷின் மேல் நின்று விக்கி விக்கி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அழாம நில்லும்மா" என்றார் நர்ஸ். "முள்ளு நிக்க மாட்டேங்குது."