ராப் கேட்காமல் கொடுத்த டாக்டர் பட்டம்

2009 ஜனவரி 22, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. வாடைக்காற்று. வானம் மூடியிருந்தது, தூறல் இல்லை. இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் என் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் குத்துவிளக்கே ஏற்றவில்லை. தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக ஓய்வு பெற்று, அதன்பிறகு பகுதிநேர ஆய்வில் சேர்ந்தவன். தலைப்பு, தமிழ் ராப் பாடல்களின் யாப்பு. என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரான நெறியாளர் நான்கு முறை சொல்லிப் பார்த்தார்: "ஐயா, சித்தர் பாடல்னு மாத்திக்கிருங்க. நிம்மதியா முடிச்சிரலாம்." நான்கு முறையும் மறுத்தேன்.

எங்கள் கடற்கரை ஊர்களில் மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு ராப் கேசட்டும் வரும். அதைக் கேட்டுத் தானே எழுதிப் பாட ஆரம்பித்த ஓர் இளைஞன் என் தெருவில் இருந்தான். அவன் வரிகளைத் தாளில் எழுதி அலகிட்டால் தளை தட்டும். நாலு சீர் வர வேண்டிய அடியில் மூன்றரைதான் தேறும். செய்யுளில் ஓசை குறைந்தால் புலவர்கள் அளபெடை போட்டு நிரப்புவார்கள். இவன் நிரப்ப மாட்டான். குறைகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வான். தாளம் மட்டும் அந்தக் குழியைத் தாண்டும். அடுத்த சொல் சரியாகத் தாளத்தின் தலையில் வந்து விழும். நான் எழுதிய இருநூற்று எழுபது பக்கத்தின் சாரமும் இதுதான். காதால் கேட்டால் பிடிபடும். தாளில் பார்த்தால் பிழையாகத்தான் தெரியும். அதனால் தேர்வன்று அவனையே மேடையில் பாடவைக்க ஏற்பாடு செய்திருந்தேன்.

அவன் வாப்பா சவுதியில், தமாமில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். மகனுக்கும் அங்கேயே விசா வாங்கி வைத்திருந்தார். "எனக்குப் பாட்டுத் தெரியாது சார். படிச்ச ஆளுக கேட்டுட்டு, இது வித்தைதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரு வருசம் விட்டுப் பாக்குறேன். இல்லாட்டி பிளைட் ஏத்தி விட்டுருவேன்" என்றார். நல்ல பேரம் என்று நானும் தலையாட்டினேன். தேர்வன்று தொப்பியோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கம் பொது வாய்மொழித் தேர்வு என்றால் பாதி கல்யாணம். பொன்னாடை பதினொன்று. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேச்சு. வரலாற்றுத் துறைக்காரர் தாம் சின்ன வயதில் நாடகத்தில் நடித்த கதையை இருபத்திரண்டு நிமிடம் சொன்னார். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பாடாத அந்த ராப் பையனுக்கும் ஒரு துண்டு விழுந்தது.

வெளியூர்த் தேர்வாளர் கேள்விக்கு வந்தபோது மணி ஒன்றரை. நியாயமான மனிதர். நான் ஐந்து வருடம் காத்திருந்த கேள்வியையே கேட்டார். "இந்த அடியில் ஓசை குறைகிறதே, இதை எப்படி யாப்பு என்கிறீர்கள்?"

"பாடுறவரே வந்திருக்காருங்க. மூணு நிமிசம். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

பையன் மைக்கைப் பிடித்துவிட்டான். அதே நேரம் கொல்லைப்புறத்தில் பிரியாணி தம் உடைத்தார்கள். வாசனை உள்ளே வந்ததும் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. பிரியாணி இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று நெறியாளர் சொல்லி நான்தான் போட்டிருந்தேன்.

"யப்பா, சோத்தப் போட்டுட்டுப் பாடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

தேர்வாளரும் சிரித்தார். "சாப்பிட்டுட்டு நிதானமா ரசிப்போம்" என்று சொல்லிவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அங்கேயே அறிவித்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டே எழுந்து போனார்கள்.

சாப்பிட்டு முடித்தபோது அவருக்கு மதுரை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒரே நிமிசம்ங்க. மைக் வேணாம். இங்கனயே கையத் தட்டிப் பாடுவான்."

பீடாவை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பட்டம்தான் கொடுத்தாச்சே ஐயா, இன்னும் என்ன? சிடியில போட்டு அனுப்புங்க."

சாப்பாட்டு நேரத்தில் மதியத் தொழுகைக்குப் போயிருந்த வாப்பா திரும்பி வந்தார். அரங்கில் மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் சொன்னாக?"

நல்லாயிருக்கு என்று சொன்னதாகச் சொல்லியிருக்கலாம். பையன் பக்கத்திலேயே நின்றான். "கேக்கலை பாய்" என்றேன்.

"கேட்டுட்டுப் பிடிக்கலைன்னாகளா?"

"கேக்கவே இல்லை."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பிடிக்கலைன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு இதா இருந்திருக்கும் சார். அவுகளுக்கே கேக்க நேரமில்லை, நான் ஒரு வருசத்தை எங்கிட்டுப் போய்த் தேடுறது?"

பையன் துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான். "விடுங்க வாப்பா. பாடாமலே துண்டு வாங்குன ராப்பர் நம்ம ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்."

பிப்ரவரியில் அவன் தமாம் போனான். தேர்வாளருக்குச் சிடி அனுப்பினேன், இரண்டு முறை. கிடைத்ததா என்றுகூடப் பதில் இல்லை. ஓசை குறைந்த அந்த அடி நியாயமா, பிழையா என்று படித்தவர் யாரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஐந்து வருடக் கட்டணம், தட்டச்சு, பைண்டிங், பொன்னாடை, மைக் செட், தேர்வாளருக்குக் கார், எண்பது பேருக்குப் பிரியாணி, சிடி அனுப்பிய கூரியர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது எழுபத்து மூவாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.