வேரில்லாத அலையாத்தி

சுனாமிக்குப் பிறகு வந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் கிள்ளை மீனவக் குடும்பங்கள் நட்ட அலையாத்திக் கன்றுகளை எண்ணிச் சோதித்து அறிக்கை எழுத இன்று போயிருந்தேன்.

ஒன்றுகூடப் பட்டுப்போகாமல் சேற்றில் வரிசையாக நின்றன. சந்தேகப்பட்டு ஒன்றை லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை, வெட்டிச் செருகிய கிளை!

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். குழுத் தலைவி அஞ்சலைதான் வாய் திறந்தார்.

"பாதிச் செடிய ஆடு மேஞ்சிடுச்சி சார். எண்ணிக்கை கொறஞ்சா திட்டத்த நிறுத்திடுவாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் கிளைய வெட்டி நட்டோம்."

"கிளைய எங்க வெட்டுனீங்க?"

பின்னாலிருந்த காட்டைக் காட்டினார். சுனாமியன்று இவர்களைக் காப்பாற்றிய அதே காடு, ஓரமெல்லாம் மொட்டையாக நின்றது.

"ரிப்போர்ட்ல உண்மைய எழுதிடுவீங்களா சார்?"

இப்போது சிதம்பரம் பஸ்ஸில் இருக்கிறேன். எழுதினால் திட்டம் நின்றுவிடும். எழுதாவிட்டால் அடுத்த சோதனைக்கும் காட்டை வெட்டுவார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? தயவுசெய்து "அருமை" என்று மட்டும் கமெண்ட் போடாதீர்கள்.