தேர்வுக்கு முந்தைய வயிற்றுப்போக்கு

ஏழாம் வகுப்புக்கு நீரால் பரவும் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். கரும்பலகையில் படம் வரைந்து, பரீட்சையில் கட்டாயம் வரும் என்று பயமுறுத்தவும் செய்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் மகள் திண்டுக்கல்லில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தாள். நூறு மீட்டரில் எப்போதும் இரண்டாவது. முதலாவது ஒரு வேடசந்தூர்ப் பெண். அவள் அம்மா நூல் மில்லில் வேலை பார்ப்பவர். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிவருவார். மாநிலப் போட்டிக்கு ஒரே இடம். அது யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த இடத்துக்கான தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு என் மகளுக்கு வயிற்றுப்போக்கு. "ஒருநாள் தண்ணியத் தொடலைன்னா ஒரு வாரம் பின்னாடி போயிருவீங்க" என்பது எங்கள் பயிற்சியாளரின் வேதவாக்கு. ஆகவே ஒரு மாத்திரையை விழுங்கவைத்து, மற்றதைக் குளோரின் பார்த்துக்கொள்ளும் என்று அவளைக் குளத்தில் இறக்கிவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த வாரம் குளத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். பெற்றோர்கள் கூடித் தீர விசாரித்து, எதிரே இருந்த பரோட்டாக் கடைச் சால்னாதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னோம். "அம்புட்டும் அந்த எண்ணெயாலதான்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான். கடைக்காரர் பாவம், எங்கள் எதிரிலேயே ஒரு டம்ளர் சால்னாவைக் குடித்துக் காட்டினார்.

முதலில் படுத்த என் மகள் முதலில் எழுந்தாள். தேர்வில் வேடசந்தூர்ப் பெண் பாதி தூரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டாள். என் மகள் ஜெயித்தாள். நான் கைதட்டினேன்.

மறுநாள் மகளுக்கு மறுபடி வயிறு கலங்க, மலப் பரிசோதனை செய்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது ஒட்டுண்ணி. குளோரினுக்கெல்லாம் லேசுல சாகாது. ஒருத்தருக்கு இருந்தாப் போதும், குளத்துல எறங்குன எல்லாருக்கும் வந்துரும்."

அன்று மாலை குளத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். வாசலில் வேடசந்தூர் அம்மா, மகளின் பையை எடுத்துப்போக வந்திருந்தார்.

"எம் புள்ள வெளிய ஒண்ணுமே சாப்பிடாது டீச்சர். பெறகு எப்புடி வந்துச்சுன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றேன்.

"போகுது விடுங்க. உங்க புள்ளயாச்சும் நல்லா நீந்திட்டு வரட்டும். நான் வேண்டிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.